காதில் ஒளி, மூளையில் வாய்க்கால்

“லேசர் வைத்தால் சிகரெட்டை ஒரே நாளில் விட்டுவிடலாமாமே?” காரைக்கால் டீக்கடை பெஞ்சுகளில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. கைப்பேசியைத் திறந்தால் விளம்பரம் வந்து நிற்கிறது. ஊசி இல்லை, மாத்திரை இல்லை, வலி இல்லை. காது மடலிலும் மூக்கோரத்திலும் மணிக்கட்டிலும் ஒரு சிவப்பு ஒளியைக் கொஞ்ச நேரம் காட்டுவார்கள், எழுந்து வரும்போது ஆசை போயிருக்கும் என்கிறது அது. கேட்பவர்கள் விவரம் இல்லாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நான்கைந்து முறை விட்டுப் பார்த்து, நான்கைந்து முறையும் திரும்பத் தொட்டவர்கள்தான் பெரும்பாலும் இதைக் கேட்கிறார்கள். 2016-17இல் இந்தியா முழுவதும் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் விட நினைக்கிறோம் என்றே சொன்னார்கள். ஆகவே இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் வேண்டும். டீ வரட்டும், நாம் மெதுவாகவே போவோம்.

முதலில் லேசர் என்ற பெயருக்கு நம்மிடம் இருக்கும் மரியாதையைப் பார்ப்போம். அது சும்மா வந்ததில்லை. 1960இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிர வைத்தார். அதற்குப் பிறகு சர்க்கரை நோயால் கெட்டுப்போகும் விழித்திரையைக் காப்பாற்றவும், சிறுநீரகக் கல்லை உடைக்கவும், கண்ணாடி போடாமல் பார்க்கவும் லேசர் வந்துவிட்டது. நம் வீட்டிலேயே யாராவது ஒருவர் அதனால் பலன் அடைந்திருப்பார். அந்த வேலைகளில் எல்லாம் ஒளி தன் சக்தியை ஓர் இடத்தில் குவித்து, அந்த இடத்தைச் சுடுகிறது, அல்லது செதுக்குகிறது, அல்லது உடைக்கிறது. பார்த்தால் தெரிகிற வேலை.

புகையை நிறுத்தக் காட்டும் லேசர் வேறு வகை. குளிர் லேசர் என்று அதைச் சொல்வார்கள். அதன் சக்தி அரை வாட்டுக்கும் குறைவு. தோல் சுடாது, கண்ணை மூடிக்கொண்டிருந்தால் அது எரிகிறதா அணைந்திருக்கிறதா என்றுகூடத் தெரியாது. சிலவற்றில் சிவப்பு ஒளி வரும், சிலவற்றில் கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு ஒளி வரும். ஆனால் இரண்டுமே தோலுக்குள் கொஞ்ச தூரம்தான் போகும். இந்தக் கடைசி விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

குளிர் லேசர் என்பதே பொய்யா என்றால், இல்லை. 1960களின் கடைசியில் ஹங்கேரியின் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் முதுகு மயிரை மழித்த எலிகளின்மேல் மெல்லிய லேசர் ஒளியைக் காட்டினார். ஒளி பட்ட எலிகளுக்கு மயிர் சீக்கிரம் முளைத்தது. அதிலிருந்து வளர்ந்த துறை இது. இன்று புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுப்பவர்களுக்கு வாய் முழுக்கப் புண்ணாகி, கஞ்சிகூட இறங்காமல் போகுமே, அந்தப் புண்ணைத் தடுக்கவும் குறைக்கவும் இதே மெல்லிய ஒளியைப் பயன்படுத்தலாம் என்று பன்னாட்டு மருத்துவ வழிகாட்டிகள் பரிந்துரைக்கின்றன. அங்கே ஒளி புண்ணின் மேலேயே, அல்லது புண் வரப்போகும் இடத்திலேயே விழுகிறது. அடிமைத்தனம் இருப்பதோ மண்டையோட்டுக்குள். ஒளியைக் காட்டுவதோ காதில். இரண்டுக்கும் நடுவே என்ன தொடர்பு?

அந்தத் தொடர்பைச் சொன்னவர் ஒரு பிரெஞ்சுக்காரர். 1950களின் தொடக்கத்தில், காரைக்கால் இன்னும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது, லியோன் நகரத்தில் பால் நோஜியே என்ற மருத்துவர் தன்னிடம் வந்த சில நோயாளிகளின் காதில் சிறிய சூட்டுத் தழும்பைப் பார்த்தார். இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் நரம்பு வலிக்காக ஒரு நாட்டு வைத்தியரிடம் போய்க் காதில் சூடு போட்டுக்கொண்டவர்கள் அவர்கள். வலி குறைந்தது என்றார்கள். மஞ்சள் காமாலைக்குச் சூடு போடும் வழக்கத்தைக் கண்ட நமக்கு இது புதிதாகத் தோன்றாது. நோஜியே யோசித்து யோசித்து, காது மடல் என்பது தாய் வயிற்றில் தலைகீழாகக் கிடக்கும் குழந்தையைப் போன்றது, உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் காதில் ஒரு புள்ளி உண்டு என்று ஒரு வரைபடமே போட்டார். பார்க்க அழகான படம். ஆனால் உடலை அறுத்துப் பார்த்த எவரும் அந்தப் புள்ளிகளிலிருந்து அந்தந்த உறுப்புக்கு ஓடும் தனி வழி எதையும் கண்டதில்லை.

அடுத்த திருப்பம் ஹாங்காங்கில். 1970களின் தொடக்கத்தில் வென் என்ற நரம்பு அறுவை மருத்துவர், அறுவை சிகிச்சைக்கு வலி தெரியாமலிருக்க நோயாளிகளின் காதில் ஊசி குத்தி மின்சாரம் செலுத்திக்கொண்டிருந்தார். அவர்களில் சிலர் அபினுக்கு அடிமையானவர்கள். அபின் கிடைக்காதபோது வரும் நடுக்கமும் வேதனையும் ஊசி போட்ட பிறகு குறைந்ததாக அவர்கள் சொன்னார்கள். சில ஆண்டுகளில் இன்னொரு செய்தி வந்தது. நம் உடம்பே வலியை அடக்க அபின் போன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. அதற்குத்தான் எண்டார்ஃபின் என்று பெயர். ஊசி குத்தினால் எண்டார்ஃபின் சுரக்கிறது, அதனால் அபின் இல்லாத குறை தெரியவில்லை என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். இதுவரை யோசனையில் ஒரு நியாயம் இருக்கிறது.

பிறகுதான் வண்டி தடம் மாறியது. அபினுக்கு ஆகும் என்றால் புகையிலைக்கும் ஆகும் என்றார்கள். ஊசிக்கு ஆகும் என்றால் ஊசிக்குப் பதிலாக ஒளிக்கும் ஆகும் என்றார்கள். இன்று விளம்பரத்தில் எண்டார்ஃபின் என்ற சொல் வருவதற்கு இந்தப் பழைய கதைதான் காரணம். ஆனால் புகையிலையில் இருக்கும் நிக்கோட்டின் மூளைக்குள் நுழையும் கதவு, அபின் நுழையும் கதவு அன்று. ஆகவே நிக்கோட்டின் என்ன செய்கிறது என்பதைத்தான் நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பீடியோ சிகரெட்டோ, ஒரு இழுப்பு இழுத்தால் புகை நுரையீரலுக்குள் போகிறது. அங்கிருந்து நிக்கோட்டின் இரத்தத்தில் கலந்து பத்து, இருபது விநாடிக்குள் மூளைக்குப் போய்ச் சேர்கிறது. கையில் போடும் ஊசிகூட அவ்வளவு வேகமாக மூளையை எட்டாது. மூளை நரம்பு அணுக்களின் மேல் ஏற்பிகள் என்ற சிறு அமைப்புகள் இருக்கின்றன. குறிப்பிட்ட ஒரு பொருள் வந்து ஒட்டினால் மட்டும் திறந்து செய்தியை உள்ளே அனுப்பும். உடம்பே தயாரிக்கும் அசிட்டைல்கோலின் என்ற பொருளுக்காக இருக்கும் ஏற்பியில் நிக்கோட்டின் போய் ஒட்டிக்கொள்கிறது. உடனே டோபமின் என்ற இன்னொரு பொருள் சுரக்கிறது. டோபமினின் வேலை, “இப்போது செய்தாயே, இது முக்கியம், மறுபடி செய்” என்று மூளைக்குச் சொல்வது. பசிக்குச் சோறு சாப்பிடும்போது நடப்பதும் இதுதான். ஒரு நாளைக்கு இருபது சிகரெட் என்றால், ஒன்றுக்குப் பத்து இழுப்பு என்று வைத்தாலும், இருநூறு முறை மூளை இந்தச் செய்தியைக் கேட்கிறது. உலகத்தில் வேறு எந்தப் பாடத்தையும் நாம் இத்தனை முறை படிப்பதில்லை.

இதோடு நிற்பதில்லை. தினமும் நிக்கோட்டின் வரவர, மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிடுகிறது. கூடிய ஏற்பிகள் எல்லாம் காலியாக இருந்தால் எரிச்சல், படபடப்பு, கவனம் சிதறல், தூக்கம் கெடுதல். இரத்தத்தில் இருக்கும் நிக்கோட்டின் இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். அதனால்தான் காலையில் எழுந்ததும் முதல் பீடி அவ்வளவு அவசரம். அந்தப் பீடி தருவது புதிய சுகம் இல்லை. இரவு முழுவதும் காலியாகக் கிடந்ததால் வந்த தவிப்பைத் தணிக்கிறது, அவ்வளவுதான்.

இங்கேதான் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும் ஒரு தவறான எண்ணத்துக்கு வருகிறோம். படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. நிக்கோட்டின் என்பது இத்தனை வருடமாக உடம்பில் சேர்ந்து, இரத்தத்திலும் எலும்பிலும் ஊறிக் கிடக்கும் நஞ்சு, அது உள்ளே இருக்கும்வரை ஆசை இருக்கும், யாராவது அதை வெளியே எடுத்துவிட்டால் ஆசையும் போய்விடும் என்று நினைக்கிறோம். லேசர் விளம்பரம் நிற்பதே இந்த எண்ணத்தின் மேல்தான். நிக்கோட்டினைக் கழுவித் தள்ளும் மூலிகைப் பொடியும் கஷாயமும் நிற்பதும் இதன் மேல்தான்.

உண்மை வேறு மாதிரி இருக்கிறது. நிக்கோட்டினை வெளியே எடுக்க யாரும் தேவையில்லை. கடைசிச் சிகரெட்டை அணைத்த நிமிடத்திலிருந்து கல்லீரல் அதை உடைக்கத் தொடங்கிவிடுகிறது. இரண்டு மூன்று நாளில் உடம்பில் நிக்கோட்டின் என்று சொல்லும்படி எதுவும் மிஞ்சுவதில்லை. முப்பது வருடம் புகைத்தவருக்கும் இதே கணக்குதான். புகையோடு வந்த கார்பன் மோனாக்சைடு இன்னும் சீக்கிரம், ஒரு நாளிலேயே பெரும்பாலும் போய்விடும். சிகரெட்டை விடுவதன் துன்பம் உச்சத்தில் இருப்பதும் அந்த இரண்டு மூன்று நாள்தான். அதாவது, நிக்கோட்டின் முற்றிலும் வெளியேறும்போதுதான் ஆசை அதிகம். நஞ்சு உள்ளே இருப்பதால்தான் ஆசை என்பது சரியாக இருந்தால் இது தலைகீழாக அல்லவா நடந்திருக்க வேண்டும்?

நம் ஊர் காவிரியின் கடைமடை. வாய்க்காலைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒரே வழியில் வருடக்கணக்காகத் தண்ணீர் ஓடினால் மண் அறுத்து வாய்க்கால் ஆழமாகிவிடும். மடையை அடைத்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் தண்ணீர் வடிந்துவிடும். ஆனால் வாய்க்கால் அப்படியே இருக்கும். ஒரு மழை பெய்தாலும் அந்தத் தண்ணீர் புது வழி தேடாது, அந்தப் பழைய வழியாகவே ஓடும். நிக்கோட்டின் அந்தத் தண்ணீர். இருநூறு இழுப்பு, ஒவ்வொரு நாளும், பல வருடம், மூளையில் அறுத்து வைத்த வழிதான் அடிமைத்தனம். விட்டு மூன்று மாதம் ஆனவர் ஒரு கல்யாண வீட்டில் “ஒண்ணே ஒண்ணு” என்று வாங்கி, மறுவாரமே முழுப் பாக்கெட்டுக்குப் போவது இதனால்தான். அவர் மனவலிமை இல்லாதவர் என்று சொல்வது நியாயம் இல்லை. வாய்க்கால் அங்கேயே இருந்தது, தண்ணீர் வந்தது, ஓடியது.

தண்ணீர் வராத வாய்க்கால் என்ன ஆகும்? கரை சரியும், புல் முளைக்கும், மெதுவாகத் தூர்ந்து போகும். மூளையிலும் அப்படியே. கூடியிருந்த ஏற்பிகள் பழைய அளவுக்கு வர 6 முதல் 12 வாரம் ஆகும் என்று மூளையைப் படம் எடுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். எரிச்சலும் தூக்கக்கேடும் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கும். டீக்கடை, சாராயக்கடை, சண்டை, வேலை முடிந்த நேரம் என்று ஒவ்வோர் இடத்தோடும் நேரத்தோடும் ஒட்டிய நினைவு தூர்வதற்கு அதற்கும் மேல் ஆகும். இந்தக் காலத்தைச் சுருக்கிக் காட்டும் ஒளி எதுவும் இல்லை. காதில் காட்டினாலும் சரி, நெற்றியில் காட்டினாலும் சரி.

“யோசனையில் தவறு இருக்கலாம், ஆனால் காரணம் தெரியாமலேயே அது வேலை செய்யக் கூடாதா?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. மருத்துவத்தில் அப்படியும் நடந்திருக்கிறது. அதற்குத்தான் சோதனை இருக்கிறது. லேசரைச் சோதிப்பது சுலபமும்கூட. ஒளி சுடாது, வலிக்காது என்பதால், பாதிப் பேருக்கு உண்மையான லேசரையும் மற்ற பாதிப் பேருக்கு ஒளி வராத கருவியையும் வைத்துவிடலாம். தனக்கு எது கிடைத்தது என்று யாருக்கும் தெரியாது.

சிங்கப்பூரில் இதைச் செய்தார்கள். அங்கே குழந்தைகளுக்கும் இளையோருக்குமான மனநல மருத்துவமனை ஒன்றின் புகை நிறுத்தப் பிரிவுக்கு வந்த 330 பதின்வயதினரை இரண்டு சம பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உண்மையான லேசர், மறு பிரிவுக்குப் போலி. 2000இல் முடிவு வெளியானது. நான்கு வாரச் சிகிச்சை முடிந்தபோது புகையை முழுவதும் விட்டவர்கள் லேசர் பிரிவில் 21.9 விழுக்காடு, போலிப் பிரிவில் 21.4 விழுக்காடு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் லேசரில் 24.8, போலியில் 26.2. விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் ஒரே பலன்.

இந்த எண்களை இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம், இதில் இரண்டு செய்தி இருக்கிறது. ஒன்று, ஒளிக்குப் பங்கு இல்லை. இன்னொன்று, நான்கில் ஒரு பிள்ளை விட்டிருக்கிறது! ஒளியே படாத பிள்ளைகள்கூட விட்டிருக்கிறார்கள். அப்படியானால் எது அவர்களுக்கு உதவியது? விட உதவும் ஓர் இடத்துக்கு வந்தார்கள். ஒருவர் அவர்களை உட்கார வைத்து, அக்கறையோடு பேசியிருப்பார். மறுபடி வரச் சொல்லியிருப்பார். போனால் கேட்பார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். லேசர் வைத்துக்கொண்டு சிகரெட்டை விட்ட உங்கள் மச்சான் பொய் சொல்லவில்லை. அவர் விட்டது உண்மை. ஊரறியச் சொல்லிவிட்டு, பணம் கட்டி, பேருந்து ஏறிப் போய், “இனி இல்லை” என்று எழுந்து வந்தாரே, அந்த வேலையை அவர்தான் செய்தார். பெயரை விளக்கு வாங்கிக்கொண்டது.

ஒரு சோதனையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாதுதான். சில சிறிய ஆய்வுகள் லேசருக்குச் சாதகமாகவும் வந்திருக்கின்றன. உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு 2014இல் அக்குபங்சர், காதில் அழுத்தம், லேசர், மின்தூண்டல் ஆகியவை பற்றிய 38 ஆய்வுகளை ஒன்றாகப் பார்த்தது. ஆறு மாதமோ அதற்கு மேலோ நிலைக்கும் பலன் இருப்பதாக உறுதியான, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் சான்று கிடைக்கவில்லை என்றது. உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூலையில் புகையிலையை விடுவதற்கான சிகிச்சை வழிகாட்டியை வெளியிட்டது. அதிலும் பாரம்பரிய, மாற்று முறைகளைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றுதான் இருக்கிறது.

விளம்பரத்தில் வரும் எண்பது, தொண்ணூறு விழுக்காடு எங்கிருந்து வருகிறது என்றும் கேட்பார்கள். மருத்துவ ஆய்வில் ஆறு மாதம் தொடர்ந்து புகைக்காமல் இருந்தால்தான் வெற்றி. சொன்னால் மட்டும் போதாது, ஊதச் சொல்லி மூச்சில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஒரு வாரத்தில் தொலைபேசியில் கேட்டு, எடுத்தவர்களை மட்டும் எண்ணினால் எந்த முறைக்கும் பெரிய எண் வரும். திரும்பப் புகைக்கத் தொடங்கியவர் வெட்கப்பட்டு அந்த அழைப்பை எடுக்கவே மாட்டார்.

லேசரால் உடம்புக்குக் கெடுதல் பெரிதாக இல்லை. கண்ணில் நேராகப் படக் கூடாது, கண்ணாடி போட வேண்டும், அவ்வளவுதான். எனக்கு உறுத்துவது வேறொன்று. ஒருவர் நம்பிக்கையோடு போய், பத்து நாளில் மறுபடி புகைக்கத் தொடங்கினால் என்ன நினைப்பார்? “லேசருக்கே அடங்கவில்லை, இனி நமக்கு விடிவில்லை” என்று நினைப்பார். வேலை செய்யாதது கருவி. அதை அவர் தன் தலையில் எழுதிக்கொள்வார். அடுத்த முயற்சிக்கு இன்னும் ஐந்து வருடம் ஆகும். அந்த ஐந்து வருடம் நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் என்ன செய்யும் என்பதைக் காரைக்கால் மருத்துவமனை வார்டில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தால் போதும், தெரிந்துவிடும். லேசரைப் பற்றி இவ்வளவு தூரம் பேச வேண்டியிருப்பது இதனால்தான்.

சரி, வேலை செய்வது எது? எண்ணிக்கையை நேர்மையாகவே சொல்வோம். காக்ரேன் 2023இல் திரட்டிய கணக்குப்படி, மருந்து எதுவும் இல்லாமல் முயலும் நூறு பேரில் ஆறு மாதத்துக்கு மேல் விட்டிருப்பவர்கள் சுமார் 6 பேர். நிக்கோட்டின் சூயிங்கம் அல்லது தோலில் ஒட்டும் பட்டை, இதில் ஒன்றை மட்டும் எடுத்தால் 9 பேர். இரண்டையும் சேர்த்து எடுத்தால் 12 பேர். வேரினிக்ளின் என்ற மாத்திரையோடு 14 பேர். சிறிய எண்கள்தான். ஆனால் ஆறு பதினான்கானால் இரண்டு மடங்குக்கும் மேல். ஒருவர் வாழ்க்கையில் பல முறை முயலலாம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது பெரிய வேறுபாடு.

சிகரெட்டை விடுவதற்கு நிக்கோட்டினையே கொடுப்பதா என்று பலர் முகம் சுளிப்பார்கள். வாய்க்காலை நினைத்துக்கொண்டால் இது புரியும். மடையை ஒரேயடியாக அடைக்காமல், மெல்லிய ஊற்றாக விட்டு, வாரம் வாரமாகக் குறைப்பது இது. புகை பத்து விநாடியில் மூளைக்குப் போகிறது. சூயிங்கமோ அரை மணி நேரமாக மெதுவாகக் கசிகிறது. ஏற்பிகள் முற்றிலும் காலியாவதில்லை, அதே சமயம் “மறுபடி செய்” என்ற அந்தக் கூச்சலும் எழுவதில்லை. புற்றுநோயைத் தருவது முக்கியமாகப் புகையில் இருக்கும் தாரும் மற்ற பொருள்களும். நிக்கோட்டின் அடிமையாக்கும், ஆனால் அந்த நோயைத் தருவது அது அன்று. உலக சுகாதார நிறுவனம் இந்த மருந்தை 2009இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியப் பட்டியலில் 2022இல் சேர்ந்தது.

நம் ஊரில் இந்தச் சூயிங்கம் பலருக்குப் பலிக்காமல் போவதற்கு ஒரு காரணம், மெல்லும் முறை தெரியாதது. சாதாரண சூயிங்கம் மாதிரி விடாமல் மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வரும். நாலைந்து முறை மெல்ல வேண்டும், நாக்கில் காரம்போல் சுருக்கென்று வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். வெற்றிலையை அடக்கி வைத்துப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். காரம் குறைந்ததும் மறுபடி மெல்லலாம். ஒரு துண்டு அரை மணி நேரம் வரும். இரண்டு மில்லிகிராம், நான்கு மில்லிகிராம் என்று இரண்டு அளவு உண்டு. எழுந்தவுடனேயே புகைப்பவருக்குப் பெரிய அளவு தேவைப்படும். மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. வலிப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள், நெஞ்சு நோய் உள்ளவர்கள் எதையும் தொடங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மருந்தோடு பேச்சுத் துணையும் சேர்ந்தால் பலன் இன்னும் கூடும். அதற்குப் பணம் தேவையில்லை. 1800-11-2356 என்ற எண் சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கிறது. பலர் தினமும் பார்த்துவிட்டு அழைக்காமல் விடும் எண் அது. 2016இல் தில்லியில் தொடங்கிய இந்தச் சேவை 2018இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் உள்ளிட்ட மூன்று இடங்களுக்கு விரிந்தது. தமிழிலேயே பேசலாம். விடும் நாளை உங்களோடு சேர்ந்து குறிப்பார்கள், அதற்குப் பிறகு அவர்களே திரும்ப அழைத்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்த அந்த அக்கறை இதுதான், விளக்கு இல்லாமல். நேரில் பேச விரும்புபவர்கள் அரசு பொது மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு எடுத்து, “புகையை விட உதவி வேண்டும்” என்று வாய்விட்டுச் சொன்னாலே போதும்.

எப்போது விடுவது என்பதில் நம் கடற்கரைக்கு ஒரு வசதி உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. காரைக்கால்மேட்டிலோ கிளிஞ்சல்மேட்டிலோ விசைப்படகில் போகும் தொழிலாளிக்கு, வலை இறக்கிவிட்டுக் காத்திருக்கும் நேரம்தான் பீடி நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடல் இல்லை, படகு இல்லை, அந்தக் காத்திருப்பும் இல்லை. ஏற்பிகள் பழைய நிலைக்குத் திரும்பும் காலத்தின் பெரும்பகுதி அந்த இரண்டு மாதத்துக்குள் அடங்கிவிடும். கரையில் வலை பின்னும் கொட்டகையில் பத்துப் பேர் சேர்ந்து புகைப்பார்கள் என்ற சிக்கல் இருக்கிறது. ஆகவே தனியாக விடாமல், ஒரு படகின் ஆட்கள் சேர்ந்து நாள் குறித்தால் நல்லது.

ஆசை வந்தால் ஒரு மணி நேரம் போராட வேண்டும் என்று நினைத்துப் பயப்படுவார்கள். ஒவ்வொரு தவிப்பும் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம்தான் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தை எப்படியாவது கடத்தினால் போதும். தண்ணீர் குடிக்கலாம், எழுந்து நடக்கலாம், வீட்டுக்கு ஒரு போன் போடலாம். சாராயத்தை மட்டும் முதல் மாதம் தொடாமல் இருந்தால் பாதி வேலை மிச்சம். இரண்டு கிளாஸ் உள்ளே போன பிறகு எந்த உறுதியும் நிற்காது. மதுக்கடைக்குப் பஞ்சமில்லாத ஊர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

லேசருக்குப் போவதென்று முடிவே செய்துவிட்டவரைத் தடுத்துச் சண்டை போடத் தேவையில்லை. போகட்டும். போகும்போது பையில் நிக்கோட்டின் சூயிங்கமும் இருக்கட்டும், வந்த மறுநாளே அந்த எண்ணையும் அழைக்கட்டும். நாள் குறித்த அந்த வேகம் வீணாகக் கூடாது.

இந்த டீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூயிங்கம் வாயில் இருக்கும்போதும் அதற்கு முந்தைய கால் மணி நேரத்திலும் டீ, காபி, எலுமிச்சைச் சாறு வேண்டாம், அப்போது வாயில் நிக்கோட்டின் சரியாக இழுக்காது. இன்னொரு விஷயம் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. புகையில் இருக்கும் சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, டீயிலும் காபியிலும் இருக்கும் காஃபீனை வேகமாக உடைக்க வைக்கின்றன. புகையை நிறுத்தியதும் அந்தத் தூண்டுதல் போய்விடும். அதே ஐந்து டீயைக் குடித்தாலும் இரத்தத்தில் காஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்காக நிற்கும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், இரவில் தூக்கம் வராது. சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று நினைத்துப் பலர் கடைக்கு ஓடிவிடுகிறார்கள். விட்ட நாளிலிருந்து டீயைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஐந்து குடிப்பவர் இரண்டோ மூன்றோ குடிக்கலாம், மாலை ஆறு மணிக்குப் பிறகு வேண்டாம்.